மொன்சோ தெரு, 63-ஆம் எண்

பாரிஸ் நகரத்தின் எட்டாம் வட்டாரத்தில், மொன்சோ பூங்காவை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது. தெருவில் நிற்பவருக்கு வண்டி நுழையுமளவு அகன்ற வாயிற்கதவு தெரியும், அதன் இருபுறமும் கல்சுவர் தெரியும், வீடு தெரியாது. வாயிலைக் கடந்து முன்முற்றத்துக்குள் வந்த பிறகுதான் வெளிர்நிறக் கல்லாலான முகப்பு எதிரே எழுகிறது. நேர்க்கோடுகள், ஒரே சீராக அடுக்கிய உயர்ந்த சன்னல்கள், மிகக் குறைவான அலங்காரம். பதினாறாம் லூயி காலத்துப் பெருந்தனக்காரர் எவரோ 1775 வாக்கில் கட்டியது என்று யாரும் எண்ணக்கூடும். இந்த வீட்டுக்கு 1911-இல் கடைக்கால் போடப்பட்டது, 1914-இல் குடிபுகுந்தார்கள்.

இதே ஆண்டுகளில்தான், இதே நகரத்தில், ஓகுஸ்த் பெரே கான்கிரீட்டால் ஷான்ஸெலிசே நாடகக் கொட்டகையைக் கட்டி முடித்தார். ஈஃபில் கோபுரத்துக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போய் ஒரு வீடு கட்டினார் என்றால், பழமைப் பித்து என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. கட்டடக்கலை வரலாற்று நூல்கள் பல இதைப் போன்ற வீடுகளை அப்படித்தான் கடந்துபோயின. அந்தத் தீர்ப்பு அவசரமானது என்பது என் எண்ணம். வீட்டின் அமைப்பைத் தளம் தளமாகப் பார்த்தால் அதற்குள் வேறொரு கணக்கு ஓடுவது புலப்படும்.

கட்டியவர் பெயர் மொயீஸ் தெ கமோந்தோ. பிறந்தது 1860-இல், கான்ஸ்டான்டினோபிளில். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு உதுமானியப் பேரரசில் தஞ்சம் புகுந்த செஃபர்திய யூத மரபில் வந்த வங்கிக் குடும்பம். குடும்பத் தலைவர் ஆபிரகாம் சாலமோன் கமோந்தோ சுல்தான் ஆட்சிக்கே கடன் கொடுத்தவர். இத்தாலிய அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் 1867-இல் அவருக்குக் கோமான் பட்டம் அளித்தார். இஸ்தான்புல்லின் கலாத்தா பகுதியில் அந்தக் குடும்பம் கட்டிய வளைந்த படிக்கட்டு இன்றும் கமோந்தோ படிகள் என்றே அழைக்கப்படுகிறது. 1869-இல் குடும்பம் பாரிசுக்குப் பெயர்ந்தது. ஆபிரகாம் சாலமோனின் பேரர்களான சகோதரர்கள் இருவரும் மொன்சோ தெருவில் அடுத்தடுத்த மனைகளில், 61-இலும் 63-இலும் குடியேறினார்கள். 63-இல் வாழ்ந்த இளையவர் நிசிம்தான் மொயீசின் தந்தை.

அந்தப் பகுதியே அப்போது புதுசு. பெரேர் சகோதரர்கள் என்ற நிதியாளர்கள் 1860-களில் பழைய மொன்சோ பூங்காவைச் சுற்றியிருந்த நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்றார்கள். ரோத்சில்டுகள், ஒடேசாவிலிருந்து வந்த எஃப்ருசிகள் என யூத வங்கிக் குடும்பங்கள் பலவும் அங்கே வீடு கட்டிக்கொண்டன. புதுப்பணம், வெளியூர்ப் பெயர், பெரிய வீடு: இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து வெறுத்தவர்கள் இருந்தார்கள். எதுவார் திருமோன் 1886-இல் வெளியிட்ட யூத எதிர்ப்பு நூல் பிரான்சில் அமோகமாக விற்றது. 1894-இல் கைதான யூத இராணுவ அதிகாரி கேப்டன் திரேஃபுசு குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 1906 வரை ஆனது. மொயீஸ் கலைப்பொருள் சேர்த்த ஆண்டுகள் இவையே.

1910-இல் தாய் இறந்ததும் வீடு மொயீசின் கைக்கு வந்தது. அவர் அதை இடித்தார். தந்தையின் வீட்டை இடிக்க ஒருவர் துணிவது சிறு விஷயமன்று. அது மூன்றாம் நெப்போலியன் காலத்து ரசனை. கீழைநாட்டுப் பொருள்களும் கனத்த அலங்காரமும் நிறைந்த வீடு. மொயீசின் மனமோ ஒரே காலத்தில் தோய்ந்து கிடந்தது. 1789 புரட்சிக்கு முந்தைய சில பத்தாண்டுகளில் பாரிசில் செய்த மேசை, நாற்காலி, கடிகாரம், பீங்கான், திரைச்சீலை ஆகியவற்றை அவர் அதற்குள் ஏராளமாக வாங்கியிருந்தார். அவற்றை வைக்கத்தான் அவருக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து ரசனையை இங்கே சற்று விளக்க வேண்டும். ஹெர்குலேனியத்தில் 1738-லும் பாம்பேயில் 1748-லும் அகழாய்வு தொடங்கிய பிறகு, ஐரோப்பியக் கண்களுக்கு ரோமானிய வீடும் தூணும் சுவரோவியமும் நேரடியாகக் கிடைத்தன. அதுவரை பிரெஞ்சு அறைகளை ஆண்ட ரொக்கோக்கோ பாணியின் சிப்பி வளைவுகளும் கொடிச்சுருள்களும் சலித்துப்போயின. மரச்சாமானிலேயே இந்த மாற்றத்தைப் படிக்கலாம். பதினைந்தாம் லூயி காலத்து நாற்காலிக்கு விலங்கின் காலைப்போல வளைந்த கால். பதினாறாம் லூயி காலத்து நாற்காலிக்குத் தூண்போல நேரான, கீழே கூர்ந்து, நெடுக்கில் பள்ளக்கோடு இழைத்த கால். கட்டடத்தில் இந்தத் திருப்பத்தின் தெளிவான சான்று, வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ஆஞ்ச்-ஜாக் கப்ரியேல் 1762-க்கும் 1768-க்கும் இடையில் கட்டிய பெத்தீ த்ரியானோன் மாளிகை. சதுரமான சிறிய கட்டடம். கைப்பிடிச் சுவருக்குப் பின்னே மறைந்த தட்டைக் கூரை. கொரிந்தியத் தூண்களைத் தவிர வேறு பேச்சில்லை.

மொயீஸ் தேடிப்பிடித்த கட்டடக் கலைஞர் ரெனே செர்ஜான் (1865–1927). அரசு நுண்கலைப் பள்ளியில் படிக்காதவர்; எமீல் த்ரெலா நிறுவிய தனிப் பள்ளியில் படித்துவிட்டு, பெருமாளிகைகள் கட்டிய எர்னெஸ்ட் சான்சோனிடம் தொழில் பழகியவர். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு வீட்டின் அளவுகளும் விகிதங்களும் அவருக்கு அத்துப்படி. வெர்சாயின் த்ரியானோன் பாலஸ் விடுதியும் அவர் கட்டியதே. அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸில் எர்ராசுரிஸ் குடும்பத்துக்கு அவர் வரைந்து கொடுத்த மாளிகை இன்று அந்நாட்டின் அலங்காரக் கலை அருங்காட்சியகம்.

மொயீசுக்கு வேண்டியிருந்த வீட்டின் வகைப்பெயர் ஹோட்டல். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குச் சாப்பாட்டுக்கடையோ தங்கும் விடுதியோ நினைவுக்கு வரும். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பழைய பொருள் உண்டு. ஓத்தேல் பர்த்திகுலியே என்றால் நகருக்குள் ஒரே குடும்பம் வாழும் தனிமாளிகை. அதன் இலக்கணம் பதினேழாம் நூற்றாண்டிலேயே உறுதிப்பட்டது: தெருவில் சுவரும் வாயிலும், உள்ளே முன்முற்றம், அதற்கப்பால் வீடு, வீட்டுக்குப் பின்னே தோட்டம். முற்றத்துப் பக்கம் வண்டி, குதிரை, வேலையாள், வந்துபோவோர் என எல்லாம் இரைச்சல். தோட்டத்துப் பக்கம் அமைதி. விருந்தினர் அறைகள் தோட்டத்தைப் பார்க்கும். செர்ஜான் இந்த இலக்கணத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். முற்றத்து முகத்துக்கு பெத்தீ த்ரியானோனை மாதிரியாக வைத்தார்.

அசல் வேலை தோட்டத்துப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே த்ரியானோனின் சதுரம் காணாமல் போகிறது. வீடு இரண்டு சிறகுகளாக ட-வடிவில் மடங்குகிறது. மடங்கும் மூலையில் ஒரு வட்ட முனை புடைத்து நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கலைஞர் ஒருவர் இந்த மனையில் கட்டியிருந்தால் சமச்சீரை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். செர்ஜான் விட்டுக்கொடுத்தார். காரணம் உள்ளே இருக்கிறது.

மொயீசிடம் ழான்-பாப்தீஸ்த் ஹுவே வரைந்த இடையர் காட்சி ஓவியங்கள் ஒரு தொகுதியாக இருந்தன; இடையனும் இடைச்சியும் காதல்கொள்ளும் பெரிய சுவர்ச் சித்திரங்கள். அவற்றைப் பிரிக்காமல் ஒரே அறையில், ஒன்றன்பின் ஒன்றாகக் கதை தொடரும்படி மாட்ட வேண்டும். அந்தப் படங்களுக்காகவே மூலை அறை நீள்வட்டமாக வரையப்பட்டது. வெளியே தெரியும் வட்டப் புடைப்பு இந்த அறையின் முதுகு. அதை ஒட்டிய பெரிய வரவேற்பறைக்கு இன்னொரு கணக்கு. பாரிசின் ரொயால் தெரு 11-ஆம் எண் வீட்டிலிருந்து கழற்றி வந்த, வெள்ளையும் பொன்னும் பூசிய சுவர்ப்பலகைகள் மொயீசிடம் இருந்தன. பலகையின் உயரமே கூரையின் உயரமாயிற்று; பலகைகளின் அகலத்துக்கு ஏற்ப அறையின் சுவர் நீண்டது. ரொயால் தெருவின் முகப்புகளை வகுத்தவர் த்ரியானோனைக் கட்டிய அதே கப்ரியேல் என்பதையும் கவனிக்க வேண்டும். அவருடைய தெருவிலிருந்து வந்த மரம், அவருடைய மாளிகையைப் பார்த்துச் செய்த முகப்புக்குப் பின்னே போய் அமர்ந்தது.

இப்படி ஒவ்வோர் அறையையும் அதில் வைக்கவேண்டிய பொருள் முன்கூட்டியே தீர்மானித்தது. முதலில் வீடு, பிறகு சாமான் என்பதுதான் உலக வழக்கம். இங்கே கட்டடக் கலைஞரின் மேசைக்கு முதலில் வந்தது சாமான் பட்டியல். அதனால்தான் இந்தக் கட்டடத்தைப் போலி என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகப்புதான் பழசு, அறையமைப்பு புதுக் கணக்கு.

அந்தப் பொருள்கள் எப்படிப்பட்டவை? பெரிய வரவேற்பறையின் தரையில் கிடக்கும் சவோன்ரி பட்டறைக் கம்பளம் லூவ்ர் அரண்மனையின் நீண்ட கூடத்துக்காகப் பதினான்காம் லூயி நெய்யச் சொன்ன 93 கம்பளங்களில் ஒன்று, 1678-இல் நெய்தது, காற்றே அதன் கருப்பொருள். உணவறையில், ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் தன் காதலர் கிரிகோரி ஒர்லோவுக்காக 1770-இல் பாரிசில் செய்யச் சொன்ன வெள்ளிப் பாத்திரத் தொகுதியின் சில உருப்படிகள். அதையடுத்த சிறிய அறையில் சேவர் பீங்கான். ஒவ்வொரு தட்டிலும், கிண்ணத்திலும், இயற்கை ஆய்வாளர் புஃபோனின் பறவை நூலிலிருந்து எடுத்த ஒரு பறவை. அதன் பெயர் அடிப்புறத்தில் எழுதியிருக்கும். விருந்தினர் இல்லாத நாள்களில் மொயீஸ் இந்தச் சிறிய அறையில்தான் தனியாகச் சாப்பிட்டார்.

மரச்சாமான்களில் ரீசனர், ஓபன், கார்லின் போன்ற பெயர்கள் வருகின்றன. ரீசனர் பிறந்தது ஜெர்மானிய ஊரான கிளாட்பெக்கில். ஓபனும் கார்லினும் ஜெர்மானிய நிலத்திலிருந்து வந்தவர்களே. வேலை தேடிப் பாரிசுக்கு வந்து, பட்டறை போட்டு, அரசவைக்கே மேசை செய்யுமளவு உயர்ந்த தச்சர்கள். பிரெஞ்சுக் கலையின் உச்சம் என்று உலகம் கொண்டாடும் மரவேலையில் பெரும்பங்கு இத்தகைய வந்தேறிகளின் கைவேலை. அதைத் தேடித்தேடிச் சேர்த்து, பிரான்சின் பெருமையாக நிறுத்திவைத்தவர் இன்னொரு வந்தேறி. மொயீஸ் இதை எண்ணிப் பார்த்தாரா என்பதற்கு அவர் விட்டுப்போன தாள்களில் விடை தேடுவதைவிட, வீட்டையே ஒருமுறை சுற்றிப் பார்ப்பது போதும் என்று எனக்குப் படுகிறது. நான் இந்த நாட்டுக்காரன் என்று எழுதிக் கொடுக்காமல், கட்டிக் காட்டினார்.

இந்தக் காட்சிக்குப் பின்னால் இன்னொரு வீடு மறைந்திருக்கிறது. விருந்தாளி முற்றத்திலிருந்து தாழ்தளத்துக்குள் நுழைந்து, பெரிய கல்படிக்கட்டில் ஏறி வரவேற்பறைகளுக்குப் போவார். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி துலூஸ் நகரத்து மாளிகை ஒன்றின் வேலைப்பாட்டைப் பார்த்துச் செய்தது. அவர் ஏறும் படிக்கு அப்பால், அதே தாழ்தளத்தில், சமையற்கட்டு இயங்கிக்கொண்டிருக்கும். வெள்ளை ஓடு பதித்த சுவர். நடுவில் பெரிய வார்ப்பிரும்பு அடுப்பு. வாட்டுவதற்குத் தனி அடுப்பு. சமைத்த உணவு சிறு தூக்கியில் மேலே போகும். உணவறைக்குப் பக்கத்தில் பரிமாறும் அறையில் இறங்கும். குழம்பின் வாசனை வரவேற்பறைக்கு எட்டக்கூடாது, பணியாளர் நடக்கும் ஓசை கேட்கக்கூடாது. மின்விளக்கு, மின்தூக்கி, வீடு முழுதும் சூடேற்றும் வசதி, வெந்நீர் வரும் குளியலறைகள் என 1914-இல் பணம் கொடுத்து வாங்கக்கூடிய எல்லாம் உண்டு. மொயீஸ் மோட்டார் கார் பிரியர். உணவு நுணுக்கம் அறிந்தவர்களின் நூற்றுவர் சங்கத்திலும் உறுப்பினர். பதினெட்டாம் நூற்றாண்டைக் கண்ணுக்கு வைத்துக்கொண்டு, உடம்பை இருபதாம் நூற்றாண்டில் வாழவிட்டவர். செர்ஜானின் திறமை, இவ்விரண்டும் ஒன்றையொன்று பார்க்காதபடி சுவர்களுக்குள் பாதைகள் வகுத்ததில் இருக்கிறது. வரவேற்பறையின் அழகைவிட இந்தச் சமையற்கட்டைத்தான் நான் உயர்வாக மதிப்பேன். முன்னதற்கு மாதிரிகள் இருந்தன; இதற்கு இல்லை.

மாடித் தளம் குடும்பத்துக்கு. மொயீஸ் 1891-இல் இரேன் காஎன் தான்வேரை மணந்தார். ஓவியர் ரெனுவார் 1880-இல் தீட்டிய, செம்பட்டைக் கூந்தல் தோளில் வழியும் நீலநிற உடைச் சிறுமியின் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தச் சிறுமிதான் இரேன். மணவாழ்வு நிலைக்கவில்லை. இரேன் வேறொருவரிடம் போனார், 1902-இல் மணமுறிவு. மகன் நிசிம், மகள் பெயாத்ரீஸ் இருவரும் தந்தையிடம் வளர்ந்தார்கள். ஆக, புது வீடு எழுந்தபோது அதில் தந்தைக்கும் மகனுக்கும் மகளுக்குமாக மூன்று பேருக்கு அறைகள் வகுக்கப்பட்டன. பரம்பரை வங்கி, பரம்பரை வீடு, பரம்பரைச் சேகரம் எல்லாம் நிசிமுக்கு என்பதே ஏற்பாடு.

வீடு முடிந்த ஆண்டில் போர் வந்தது. நிசிம் குதிரைப்படையில் தொடங்கி, விமானப்படைக்கு மாறினான். வானிலிருந்து எதிரி நிலைகளைப் படமெடுப்பது அவன் பணி. 1917 செப்டம்பர் 5 அன்று லொரேன் வானில் நடந்த சண்டையில் அவன் விமானம் வீழ்ந்தது. உயிரோடு பிடிபட்டிருக்கலாம் என்ற நம்பிக்கையில் சில வாரங்கள் கழிந்தன; பிறகு சாவு உறுதிப்பட்டது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் மொயீசுக்கு இரங்கல் கடிதம் எழுதினார். வாரிசு இல்லாத வங்கியை மொயீஸ் மூடினார். பொருள் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. இணைபிரிந்து ஏலக்கடைகளுக்குச் சிதறிப்போன நாற்காலியையும் குவளையையும் தேடி, மீண்டும் ஜோடி சேர்ப்பதில் அவருக்குத் தீராத பிடிவாதம் இருந்தது. அடுத்த பதினெட்டு ஆண்டுகளும் அதைச் செய்தார்.

பெயாத்ரீஸ், லெயோன் ரெய்னாக் என்ற இசையமைப்பாளரை மணந்தாள். அவர் தந்தை தெயோதோர் ரெய்னாக், மத்தியதரைக் கடலோரத்தில் பண்டைய கிரேக்க வீட்டைப் போலவே கெரிலோஸ் என்னும் மாளிகையைக் கட்டி, அதைப் பிரெஞ்சு அறிஞர் கழகத்துக்கு எழுதிவைத்தவர். இளம் தம்பதி சில ஆண்டுகள் மொன்சோ தெரு வீட்டிலேயே இருந்துவிட்டு 1923-இல் தனிக்குடித்தனம் போனார்கள். மறு ஆண்டு, 1924 ஜனவரியில், மொயீஸ் உயில் எழுதினார். வீடும் அதிலுள்ள அனைத்தும் அலங்காரக் கலைகளின் நடுவண் சங்கத்துக்கு. அதன் வழியே பிரெஞ்சு நாட்டுக்கு. அருங்காட்சியகத்துக்கு மகன் நிசிமின் பெயர். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். எதையும் வெளியே இரவல் கொடுக்கக்கூடாது. கொடை கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதன்று. அவருடைய பெரியப்பா மகன் இசாக், 1911-இல் இறந்தபோது, மானேயின் குழலூதும் சிறுவன், தெகாவின் அப்சாந்த் படம் உள்ளிட்ட பெருந்தொகுதியை லூவ்ருக்கு எழுதிவைத்திருந்தார். இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் கூட்டம் மொய்ப்பது அந்தப் படங்களின் முன்னால்.

1935 நவம்பரில் மொயீஸ் இறந்தார். 1936 டிசம்பரில் நிசிம் தெ கமோந்தோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நான்கு ஆண்டுகளுக்குள் ஜெர்மானியப் படை பாரிசுக்குள் வந்தது. சிறுமி இரேனின் படம் அப்போது பெயாத்ரீசுக்குச் சொந்தம். பாதுகாப்புக்காக ஷாம்போர் கோட்டைக்கு அனுப்பியிருந்ததை 1941-இல் நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். லெயோன் ரெய்னாக் அரசு அருங்காட்சியகத் தலைமைக்குக் கடிதம் எழுதினார். கமோந்தோக்களும் ரெய்னாக்குகளும் நாட்டுக்குக் கொடுத்தவற்றை அதில் நினைவூட்டினார். படம் நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போனது. பெயாத்ரீசுக்கு அச்சமில்லை என்கிறார்கள். தந்தை நாட்டுக்கு வீட்டைக் கொடுத்தவர், அண்ணன் நாட்டுக்கு உயிரைக் கொடுத்தவன். அவள் கத்தோலிக்க மதத்துக்கும் மாறியிருந்தாள். 1942 டிசம்பரில் அவளும் மகள் ஃபானியும் கைதானார்கள். லெயோனும் மகன் பெர்த்ரானும் பிடிபட்டார்கள். நால்வரும் பாரிசுக்கு அருகிலுள்ள த்ரான்சி முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1943 நவம்பர் 20 அன்று புறப்பட்ட 62-ஆம் ரயிலில் லெயோனும் பிள்ளைகள் இருவரும் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். 1944 மார்ச் 7 அன்று 69-ஆம் ரயிலில் பெயாத்ரீஸ். ஒருவரும் திரும்பவில்லை. மொயீசின் வழி அதோடு அற்றுப்போயிற்று.

முன்னரே மதம் மாறி ஓர் இத்தாலியக் கோமானை மணந்திருந்த இரேன் போரில் பிழைத்துக்கொண்டார். தன் உருவப்படத்தை மீட்டு, 1949-இல் எமில் பூர்லே என்ற ஆயுத உற்பத்தியாளருக்கு விற்றார். ஜெர்மனிக்குப் பீரங்கி விற்றுப் பணம் சேர்த்தவர் பூர்லே. படம் இன்று சூரிச்சில் தொங்குகிறது.

மொன்சோ தெரு வீட்டில் உயிலின்படி எதுவும் இடம் மாறவில்லை. ஹுவேயின் இடையர்கள் நீள்வட்ட அறையில் வரிசை மாறாமல் இருக்கிறார்கள். பறவைத் தட்டுகள் சிறிய அறையின் அலமாரியில் இருக்கின்றன. வீடு 1935-இலிருந்து பிரெஞ்சு நிறுவனத்தின் சொத்தாக இருந்ததால் கொள்ளையரின் கை அதன்மேல் படவில்லை. முற்றத்துக்குப் போகும் வழியில் சுவரில் ஒரு கல்வெட்டுப் பதித்திருக்கிறார்கள். கொடையாளரின் கடைசி வழித்தோன்றல்கள் என்று பெயாத்ரீஸ், ஃபானி, பெர்த்ரான் பெயர்களும் லெயோன் ரெய்னாக்கின் பெயரும் அதில் உள்ளன. ஜெர்மானியரால் 1943–44-இல் நாடுகடத்தப்பட்டு ஆஷ்விட்சில் இறந்தார்கள் என்கிறது வாசகம். த்ரான்சி முகாமில் காவல் நின்ற பிரெஞ்சு ழாந்தார்ம் காவலர்களைப் பற்றியோ, 1940-லேயே யூதர்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றிய பிரான்சின் விஷி அரசைப் பற்றியோ அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை.